கொள்ளிடக் கரையில் மூன்று பஸ்கள்

சென்னைக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று திருச்சி மேடை நடனக் குழுப் பிள்ளைகளான உங்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு பேராவது ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடிப்படி ஏறுகிறீர்கள். எனக்கும் பொழுது போகவேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே கதையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது, அதில் நான் கொஞ்சம் கொஞ்சமாக உயரமாகிக்கொண்டே போகிறேன் என்பதைப் போன மாதம் கவனித்தேன். அதனால் எழுதிவைத்துவிடுகிறேன். எழுத்தில் உயரத்தைக் கட்டுப்படுத்துவது சுலபம்.

என் சரித்திரம் சுருக்கமானது. எட்டு வருஷம் மேடையில் ஆடினேன். இருபத்தாறு வயதில் சென்னைக்குப் போய், பன்னிரண்டு வருஷம் சினிமாவில் கதாநாயகனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஆடினேன். ஷாட்டுக்கு ஷாட் நடுவில் நூலகப் புத்தகம் படிப்பேன் என்பதால் அந்த வரிசையில் எனக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபோது டிவி சீரியலில் போலீஸ்காரன் ஆனேன். கடைசியில் டைரக்டர். இதில் எதிலும் நான் முன்வரிசையில் நின்றதில்லை. டைரக்டர் ஆனபோதுகூடக் கேமராவுக்குப் பின்னால்தான் நிறுத்தினார்கள்.

ரூம் எங்கே கிடைக்கும், யூனியன் கார்டு எப்படி வாங்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒன்று, உங்கள் உடம்பு உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது.

எங்கள் காலத்தில் டான்ஸ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், லைட் விழுந்தால் பல் தெரியவேண்டும். கால் சுளுக்கியிருக்கலாம், காலையில் வீட்டில் சண்டை நடந்திருக்கலாம், லைட்டுக்கு அதெல்லாம் தெரியாது. இருபது வருஷம் இப்படிச் சிரித்தவனுக்கு முதல் வசனம் கிடைத்தது. ஒரு தாயிடம் போய், ‘அம்மா, உங்க பையன் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு’ என்று சொல்லவேண்டிய போலீஸ்காரன் வேஷம். லைட் போட்டார்கள். நான் சிரித்தேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சிரித்தேன். மூன்றாவது தடவை, தாயாக நடித்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு டைரக்டரைப் பார்த்தார். அந்த அம்மாள் எனக்கு விவரம் தெரியாத காலத்திலிருந்து திரையில் அழுதுகொண்டிருப்பவர்.

“என்னப்பா இது? எம் புள்ள செத்ததுக்கு ஸ்வீட் குடுக்க வந்தவன் மாதிரில்ல நிக்கிறான்!”

யூனிட் மொத்தமும் சிரித்தது. அப்போது பார்த்து என் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த அம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“டான்ஸரா நீ?”

“ஆமாங்கம்மா.”

“அதான். சிரிக்காத சிரிக்காதன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தா இன்னும் ஜாஸ்தியா வரும். காஸ்ட்யூமர்கிட்ட ஒரு சைஸ் கம்மியா ஷூ கேட்டு வாங்கிப் போட்டுக்க. ஷூ கடிக்கிறப்ப எந்த மனுஷனும் சிரிக்க மாட்டான்.”

அடுத்த டேக் ஓகே ஆனது. ‘கண்ணிலேயே துக்கத்தைக் காட்டுறார்’ என்று டைரக்டர் எல்லோரிடமும் சொன்னார். துக்கம் கால் சுண்டுவிரலில் இருந்தது. அதற்கப்புறம் பத்து வருஷம், எந்த சீரியலில் யார் செத்தாலும் செய்தி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆக, உடம்பு கற்றுக்கொண்டதோடு சண்டை போடாதீர்கள். அதற்கு வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் டைரக்டர் ஆனதும் அதே தப்பைப் பெரிய அளவில் செய்தான் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

நான் போலீஸ்காரனாக நடித்துக்கொண்டிருந்த சீரியலின் டைரக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய சீரியல் ஒன்றுக்குப் போய்விட்டார். யார் எங்கே நிற்பார்கள், எந்த வசனத்தில் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான். கூட்டத்தில் ஆடுகிறவனுக்கு அடுத்தவன் கால் எங்கே இருக்கிறது என்பது பாராமலே தெரியும். தயாரிப்பாளர், ‘இந்த வாரம் மட்டும் பாத்துக்கங்க’ என்றார். அந்த வாரம் ஏழு வருஷம் நீடித்தது.

டான்ஸருக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. செய்து காட்டத்தான் தெரியும். மாமியார் கோபமாகப் படியிறங்க வேண்டுமா, நானே இறங்கிக் காட்டினேன். மருமகள் கண்ணைத் துடைக்க வேண்டுமா, நானே துடைத்துக் காட்டினேன். நடிகர்களும் நல்லவர்கள், பார்த்து அப்படியே செய்தார்கள். ஆறு மாதம் கழித்து எடமலைப்பட்டி புதூரிலிருந்து என் தங்கை போன் பண்ணினாள்.

“அண்ணே, உன் சீரியல தினமும் பாக்குறேன். ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“மாமியாரும் நீதான், மருமகளும் நீதான், அந்த டாக்டரும் நீதான். நேத்து வக்கீல் ஒருத்தர் புதுசா வந்தாரேன்னு ஆசையா பாத்தேன். அவரும் கதவுகிட்ட போயி இடுப்ப ஒடிச்சுத் திரும்புறாரு. சின்ன வயசுல வீட்ல உன்னப் பாத்ததே எனக்குப் போதும்ணே.”

அவள் சொன்னது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது. டைரக்டரின் முத்திரை என்று ஏதோ புத்தகத்தில் படித்திருந்தேன். எங்கள் கேமராமேன் மட்டும் அவ்வப்போது, ‘சார், கையக் கட்டிக்கிட்டு சொல்லுங்களேன்’ என்பார். என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதற்கு மேல் எழுத எதுவும் இருந்திருக்காது.

இனி செல்வராணி. எனக்கு ஜோடியாக மேடையில் ஆறு வருஷம் ஆடியவள்.

எங்கள் குழுவுக்குப் பயிற்சி இடம் மூடிக்கிடந்த ஒரு நெல் குடோன். சுவர் அளவுக்குக் கண்ணாடி வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டோம். ‘ஒருத்தருக்கொருத்தர் கண்ணாடியா நின்னு ஆடுங்க’ என்று சொல்லிவிட்டார். அப்படியே ஆடினோம். நான் வலது கையைத் தூக்கினால் எதிரில் அவள் இடது கை தூக்குவாள். என் முழங்கை ஒரு விரற்கடை தாழ்ந்தால் அவளுடையதும் தாழும், ஒரு புருவமும் உயரும். தினம் மூன்று மணி நேரம், ஆறு வருஷம், ஒரு முகத்தை மட்டுமே பார்த்து உங்கள் உடம்பைச் சரிசெய்துகொண்டால் என்ன ஆகும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. இப்போது நான் எச்சரிக்கிறேன். ஷேவ் செய்யும்போது இன்றைக்கும் கண்ணாடியில் எனக்கு ஒரு ஆள் குறைகிறது.

சென்னையில் வாய்ப்பு என்று ஒரு புரோக்கரிடமிருந்து போன் வந்தபோது, லால்குடியில் ஒரு திருவிழா நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்தோம். நிகழ்ச்சிக்கு முதல் நாள் நான் ரயில் ஏறினேன். ‘ஒரு மாசத்துல உன்னயும் கூப்பிட்டுக்கிறேன்’ என்று அவளிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருந்த இடத்துக்கு எப்படிக் கூப்பிடுவது, ஒரு நல்ல இடம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று ஒரு மாதம் போனது. இவ்வளவு தாமதமாக எழுதினால் என்ன நினைப்பாள் என்று ஒரு வருஷம் போனது. அதற்கப்புறம் வெட்கத்துக்குக் கணக்கு வைப்பதில்லை. திருச்சி ஆட்கள் யாராவது ஸ்டுடியோவுக்கு வந்தால் அவர்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். அவள் வந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

இருபத்தேழு வருஷம் கழித்து, சீரியலுக்காக ஸ்ரீரங்கத்தில் நான்கு நாள் படப்பிடிப்பு வைத்தோம். நானே ஒரு காட்சி எழுதினேன். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம். எப்போதோ விட்டுப்போன கணவனுக்காக ஒரு பெண் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வருகிறது, எழுந்து ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள், அவன் இல்லை, மறுபடி உட்காருகிறாள். கதைக்கு இந்தக் காட்சி தேவையா என்று தயாரிப்பாளர் கேட்டார். கதைக்குத் தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. என்னை அவள் தேடினாளா என்று நேரில் கேட்கத் துணிச்சல் இல்லாத ஒருவன், கேமராவை வைத்துக் கேட்டுக்கொள்ளப் பார்த்தான். அந்தப் பெண்ணாக நடிக்க லால்குடியிலிருந்து செல்வராணியை வரச் சொல்லியிருந்தேன். பள்ளி ஆண்டு விழாக்களுக்கு டான்ஸ் உடை தைத்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது.

காலையில் கணவரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நரை இருந்தது, கண்ணாடி இருந்தது. இறங்கி நின்றபோது எடை இடது காலில் விழுந்தது. அது மாறவில்லை. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன்.

“வணக்கம் சார்” என்றாள்.

கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்க சீரியல் நம்ம வீட்ல தினமும் ஓடும் சார். நான் பாக்குறதில்ல.”

“நல்ல காரியம் பண்றீங்க” என்றேன்.

“என்னய மத்தியானத்துக்குள்ள அனுப்பிச்சிருங்க சார்” என்றாள் அவள். “நாளைக்கு ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழா. இன்னும் பதினாறு மயிலுக்கு இறக்கை வைக்கணும்.”

எங்களுக்கும் அங்கே பன்னிரண்டு மணி வரைதான் அனுமதி. காட்சிக்கென்று பஸ் வைத்துக்கொள்ள வழியில்லை. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை வரும் நிஜமான டவுன் பஸ்ஸை நம்பித்தான் எடுக்கவேண்டும். கணக்குப் போட்டால் மூன்று பஸ். மூன்றே வாய்ப்பு.

நான் அவளுக்கு எதிரே போய் நின்று செய்து காட்டினேன். கழுத்தை நீட்டி, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, பஸ் அவளுக்கு வலப்பக்கம் வரும் என்பதால் நானும் என் வலது பக்கம் பார்த்து. அவள் என்னையே பார்த்துத் தலையசைத்தாள். கேமரா ஓடியது. பஸ் வந்தது. செல்வராணி கழுத்தை நீட்டி, கையைப் புருவத்தில் வைத்து, பஸ் வரும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தை உருக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வேகத்தைக் குறைத்து, அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தானும் பார்த்தார்.

“கட்! ராணி, பஸ் இந்தப் பக்கம் வருது!”

“நீ காட்டினதத்தான செஞ்சேன்?” என்றாள் பட்டென்று. யூனிட்டில் ஐந்தாறு தலைகள் திரும்பின. டைரக்டரை யாரும் ‘நீ’ என்று கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “காட்டினீங்க சார். எதிர்ல நின்னு காட்டினீங்க.”

கண்ணாடி. நான் வலது என்றால் அவளுக்கு இடது. இருபத்தேழு வருஷத்தில் இருவர் உடம்பும் அதை மறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பஸ் போனதற்கு எனக்கு வருத்தமே வரவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த பஸ்ஸுக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே திசை பார்த்துக் காட்டினேன். இந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது. எழுந்தாள், தேடினாள், தோள் தளர்ந்தாள், உட்கார்ந்தாள். அசிஸ்டென்ட்கள் கை தட்டினார்கள். நான் மானிட்டரில் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

சேலை கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

தங்கை சொன்னது அப்போதுதான் புரிந்தது. ஆனால் அது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கழுத்து நீட்டல் எனக்குத் தெரியும். ஸ்டுடியோ வாசலில் திருச்சி ஆட்களின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கழுத்து அது. அவளுடைய காத்திருப்பு என்று நினைத்து நான் எழுதிவைத்தது முழுக்க என்னுடையது. அவளுடையது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

“ஓகேவா சார்?” என்றார் கேமராமேன்.

ஓகே என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

“இன்னொண்ணு போவோம்” என்றேன்.

அவர் முதல்முறையாக என் தோளில் கை வைத்தார். “அப்ப கையக் கட்டிக்கிட்டு சொல்லுங்க சார். வாயால சொல்ல வரலேன்னா, அது நமக்குத் தெரியலேன்னு அர்த்தம். தெரியாததக் காட்டாதீங்க. போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்க.”

எதிரில் டீக்கடையில் செல்வராணியின் கணவர் இருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

“என்ன சார், அவ சொன்னபடி செய்யலையா?”

“சொன்னபடியேதான் செய்றாங்க. அதான் பிரச்சினை.”

“காத்திருக்கிற சீன்னு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.” அவர் டீயை ஆற்றிக்கொண்டார். “நான் வர்ற வழிய அவ பாத்து நின்னதே கிடையாது சார். எவ்வளவு லேட்டானாலும் சோத்த மூடி வச்சிட்டுத் தையல் மிஷின்ல உக்காந்துருவா. வந்தியான்னுகூடக் கேக்க மாட்டா. ஆனா சோறு சூடா இருக்கும்.”

நான் பாதி டீயோடு திரும்பினேன். இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். பத்து நிமிஷத்தில் கடைசி பஸ். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. ‘லைப்ரரி’க்கு வார்த்தை வரவில்லை.

“பஸ் வரும்” என்றேன். “அவன் அதுல இல்ல. அவ்வளவுதான் ராணி. வேற எதுவும் எனக்குத் தெரியல.”

“இது எத்தனாவது வருஷம் சார்?”

“இருபத்தேழு.”

காட்சித் தாளில் அப்படி ஒரு எண் கிடையாது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“அப்ப சரி” என்றாள்.

கேமரா ஓடியது. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானைப் பிரிகளை ஒன்றோடொன்று முடிந்துகொண்டிருந்தாள். பஸ் வந்தது. அவள் எழவில்லை. தலையைத் தூக்கவில்லை. இறங்குகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டியிருக்கும் என்று, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இறங்கியவர்களில் ஒருவர், படப்பிடிப்பு என்று தெரியாத வெளியூர்க்காரர், நேராக அவளிடமே போனார்.

“அம்மா மண்டபம் படித்துறைக்கு எப்படிம்மா போறது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘கட்’ என் நாக்கு நுனியில் இருந்தது. எழுதாத ஆள், எழுதாத வசனம், கடைசி பஸ். பாக்கெட்டுக்குள் இரண்டு கையும் முஷ்டியாகியிருந்தன. நான் சொல்லவில்லை.

அவள் கையை நீட்டி வழி சொன்னாள். நிதானமாக, அவர் தெரு தப்பிவிடக் கூடாது என்ற அக்கறையோடு. அவர் போனார். பஸ்ஸும் போனது. பையை மடியிலிருந்து எடுத்து மறுபடி பக்கத்தில் வைத்தாள். வைத்த கை ஒரு நிமிஷம் பையின் மேலேயே இருந்தது. பிறகு பழையபடி முந்தானைக்குப் போனது. காத்திருக்கிற ஒருத்தியும் அங்கே இல்லை. எப்போதோ காத்திருந்து, அதை மடித்து வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி இருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து அவளே நிமிர்ந்தாள். “முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது” என்றேன்.

அந்த ஷாட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ‘ஒண்ணுமே நடக்கலியே’ என்று சேனலில் பாதியாக வெட்டச் சொன்னார்கள். பத்து வருஷம் இறுக்கமான ஷூ போட்டுச் சம்பாதித்த முகத்தை அன்றைக்குப் பயன்படுத்தினேன். ஷாட் வெட்டாமல் முழுசாக ஒளிபரப்பானது. தங்கை போன் பண்ணி, ‘பஸ் ஸ்டாப்ல ஒரு அம்மா வந்துச்சே, யாருண்ணே அது? அது மட்டும் நீ இல்ல’ என்றாள். என் பணிக்காலத்தில் நான் வாங்கிய ஒரே விருது அது. செய்து காட்டாதீர்கள் பிள்ளைகளே. கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததை எதிரில் இருப்பவர் வைத்திருக்கிறார். இதுதான் நீங்கள் எடுத்துக்கொண்டு போகவேண்டியது.

எனக்கானது அதற்குப் பிறகு நடந்தது. யூனிட் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தது. கணவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“நீ பஸ்ஸப் பாக்கவே இல்ல.”

“மொதல்ல கொஞ்ச நாள் பாத்திருப்பா சார். அப்புறம் பொழப்பு இருக்கில்ல?”

“அந்த லால்குடி நிகழ்ச்சி...”

“ஆடினேன்.”

“ஜோடிப் பாட்டா? தனியாவா?”

“எம் பக்கத்த மட்டும் ஆடினேன். யாரும் எதுவும் கேக்கல. லைட்காரர் மட்டும் கேட்டாரு. ஜோடிப் பாட்டுன்னு ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஃபோகஸ் லைட் போட்டு வச்சிருந்தாரு. ‘உன்னுது போதுமே, அந்த இன்னொண்ண அணைச்சிரவாம்மா’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

கணவர் ஹாரன் அடித்தார். செல்வராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எரியட்டும்னேன் சார். அந்த ஒரு பாட்டு முடியற வரைக்கும்.”